மெமரிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை மாலை. என் கணவர் சேகர் ஒரு கையில் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தறியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். தறி மரத்துக்கு ஒரு பொட்டு, ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவுக்கு ஒரு பொட்டு, நூல் சுற்றும் ராட்டைக்கு ஒரு பொட்டு. கத்தரிக்கோல், தராசு, மொபெட், என்னுடைய பிரஷர் குக்கர் என்று யாரையும் விட்டுவிடாமல் வைத்துக்கொண்டே வந்தவர், வாழையிலையின் கோடியில் இருந்த சாம்பல் நிறப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

அது வீடியோ கேம்ஸ் பெட்டி. டிவியோடு இணைத்து வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து ஆடுவது. அதற்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலை. வெற்றிலைமேல், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, சிவப்புத் தலை வைத்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. அன்று மதியம்தான் வந்தவாசியிலிருந்து வந்து இறங்கியிருந்தது. அந்தப் பெட்டிக்குள் கூடுதலாகப் போடவேண்டிய மெமரி.

“இதுக்கு எங்க பாப்பா வெக்கிறது?” என்று மகளைக் கேட்டார்.

“எங்கனா வெய்ப்பா. ஜல்தியா வெய்யி” என்றாள் இந்து.

நாடாவுக்குப் பொட்டு வைக்க எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. நடுவில் வைக்கமாட்டார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளுக்குள் முதலில் நுழைகிற மூக்கில்தான் வைப்பார்கள். எந்தச் சாமானாக இருந்தாலும் வேலை செய்கிற இடம் எதுவோ அதற்குத்தான் மரியாதை. சேகர் மெமரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முனையில் சீப்பின் பற்களைப் போலத் தங்க நிறக் கோடுகள். பெட்டிக்குள் நுழைகிற முனை அதுதான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தத் தங்கப் பல்வரிசையின்மேல் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

அதோடு நின்றாரா? இந்து ஏற்கெனவே பெட்டியின் சின்ன மூடியைத் திறந்து, உள்ளே இருந்த பழைய துண்டைக் கழற்றி வைத்திருந்தாள். மெமரி போய் உட்காரவேண்டிய அந்தப் பள்ளத்துக்குள்ளும் விரலை விட்டு ஒரு பொட்டு.

நான் அடுப்படியில் சுண்டலுக்குக் கடுகு வெடிக்க விட்டுக்கொண்டிருந்தேன். இதெல்லாம் மறுநாள் விசாரணையில் வெளிவந்தவை.

தங்கையின் புகார்

இரண்டு வாரமாக இந்தப் பத்தியில் வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றியே எழுதியதில் என் தங்கைக்குக் கோபம். போளூரிலிருந்து போன் செய்து, படித்துவிட்டு அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாகச் சொன்னாள். சிரிக்கிற மாதிரி உன் வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லையா என்று கேட்டாள். நடந்திருக்கிறது. ஆனால் அதுவும் அந்த வராந்தாவிலிருந்துதான் தொடங்குகிறது. என்ன செய்ய.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் எங்களுக்குச் சொந்தமாக இரண்டு பட்டுத் தறிகள். நான் ஊரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்களுக்கு ஒரே மகள், இந்து. இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி, அவள் ஏழாம் வகுப்பு முடித்த கோடையில், மூளைக் காய்ச்சல் வந்து வேலூரில் கிடந்தாள். பிழைத்து வந்தாள். இந்த இரண்டு சொற்களை எழுதுவதற்குள் இப்போதும் எனக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவேண்டியிருக்கிறது.

எல்லாம் திரும்பி வந்தது. நடை, பேச்சு, அப்பாவை மிரட்டுகிற குரல், எல்லாமே. இடது கை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் இடது கைக்காரி. எழுதுவது, வரைவது, கல்லெறிந்து மாங்காய் அடிப்பது எல்லாம் அந்தக் கையால்தான்.

டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, கை சரியாகிவிட்டது, இனிப் பழக்கம்தான் வேண்டும் என்றார். நான் நம்பவில்லை. இந்துவும் நம்பவில்லை. எங்கள் வீட்டில் டாக்டரை நம்பிய ஒரே ஆள் சேகர். அவர் எல்லாரையும் நம்புவார்.

பள்ளி திறந்தது. இந்து வரவில்லை. கை சரியானதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் படிக்கவேண்டிய எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பது நான். தினமும் அந்த வகுப்புக்குள் நுழைந்து, ஜன்னலோரப் பெஞ்சில் அவளுடைய தோழி ஒருத்திக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்க்காமல், ஒளிச்சேர்க்கை நடத்துவேன்.

ரப்பர் செருப்பும் மணைப் பலகையும்

கேம்ஸ் பெட்டியை அனுப்பியது சேகரின் தம்பி ரவி. சிங்கப்பூரில் வேலை. விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று, அங்கே யாரோ ஆடி முடித்துவிட்டுப் புதிது வாங்கிய வீட்டிலிருந்து கேட்டு வாங்கி அனுப்பியிருந்தான். கூடவே ஒரு கார் பந்தய கேசட்.

எனக்கு மின்சாரம் என்றால் பயம். மின்சாரத்தைப் பாடமாக நடத்துகிறவள் என்பதால் பயம் அதிகம். இந்து மணைப் பலகையில் உட்கார்ந்து, காலில் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் ஆடவேண்டும் என்று சட்டம் போட்டேன். கூடத்தில் மணைமேல் செருப்போடு உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்துப் பால்காரர் ஒருநாள் ஒன்றும் கேட்காமல் அளந்து ஊற்றிவிட்டுப் போனார். நான் அந்தப் பெட்டியை விரலால்கூடத் தொட்டதில்லை. தூசி தட்டுவதுகூடக் கோழி இறகால்தான்.

அந்தப் பந்தயத்தில் ஒரு பாலம் வரும். தனியாக ஓட்டினால் ஒன்றுமில்லை. மற்றக் கார்கள் எல்லாம் நெருக்கிக்கொண்டு ஒன்றாகப் பாலத்துக்குத் திரும்புகிற இடத்தில்தான் சிக்கல். ஜாய்ஸ்டிக்கில் இடது கட்டைவிரலால் குமிழைத் தள்ளித் திருப்பவேண்டும். இந்து தள்ளுவாள். கார் ஒரு கணம் யோசித்துவிட்டு நேராகப் போய் ஆற்றில் விழும்.

“பாரும்மா. சொன்னா கேக்க மாட்டேங்குது” என்பாள்.

காரைச் சொல்லவில்லை, கையைச் சொல்கிறாள். அப்புறம் இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். நான் கோழி இறகை எடுத்துக்கொண்டு, தட்டிய தூசியையே மறுபடி தட்டுவேன்.

சேகரும் ஆடுவார். அதே பாலத்தில் அதே ஆற்றில் விழுவார். அதைப் பார்த்தாவது அவளுக்குப் பெட்டிமேல் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. “நீ வேணும்னே விழற. எனக்கோசரம் விழற” என்று அவரைத் திட்டுவாள். அவர் வெட்கத்தோடு சிரிப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகளுக்காக ஆற்றில் விழுகிற அப்பா! எனக்கு அவர்மேல் அந்த நாட்களில் ஒரு தனிப் பிரியமே வந்திருந்தது.

இரண்டாவது தறியில் நெய்ய வருகிற எல்லம்மாக்காவையும் ஒருநாள் உட்கார வைத்தோம். பாலம் வருவதற்கு முன்பே காரைத் திருப்பிப் புறப்பட்ட இடத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊட்டாண்ட வந்துட்டேன், இனிமே இன்னா என்று ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டு எழுந்தார். ஆக, பரிசோதனைக்கு நம்பகமான ஆள் வீட்டில் யாருமில்லை.

கூரையைப் பிரித்த வருஷம்

ஒருநாள் இந்து எதையோ அழுத்தப்போய்த் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விரிந்தது. எதையும் முழுதாகப் படிக்காமல் விடுகிற வழக்கம் எனக்கில்லை. கடைசி வரியில் இருந்தது விஷயம். இந்தப் பெட்டிக்குள் கூடுதல் மெமரி போட்டால் காட்சிகள் தடையில்லாமல் ஓடும்.

ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் ரவியைப் பிடித்தேன். அவன் விசாரித்துச் சொன்னான். திரையில் நிறையக் கார்கள் சேர்ந்தால் அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்ளப் பெட்டிக்குத் திராணி இல்லை, அதனால் படம் திணறுகிறது என்றான். பெட்டியின் நெற்றியில் ஒரு மூடி இருக்கும், அதற்குள் இருக்கும் துண்டை எடுத்துவிட்டு, பெரிய துண்டைப் போடவேண்டும், அவ்வளவுதான் அண்ணி என்றான்.

வீட்டுக்கு வந்து சேகருக்கு விளக்க உட்கார்ந்தேன். வகுப்பில் நடத்துவதுபோல மேசை, புத்தகம் என்று உதாரணமெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“கொக்கி பத்தல. அதானே?”

பட்டில் பூ விழுவதற்குத் தறியின் உச்சியில் ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். துளை போட்ட அட்டைகள் அதில் சுற்றிவரும். அதிலுள்ள கொக்கிகள்தான் பாவு இழைகளைத் தூக்கிக் கொடுக்கும். கொக்கி குறைவாக இருந்தால் சின்னப் பூதான் விழும். மயிலோ யானையோ வேண்டுமானால் பெரிய பெட்டி மாட்டவேண்டும். தறி அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தறிக்குப் பெரிய பெட்டி மாட்டினார்கள். கொண்டுவந்து தூக்கிப் பார்த்தால் கூரை இடித்தது. தறியை இறக்கிப் பள்ளம் தோண்டலாம் என்று ஒருவர் சொல்ல, பெட்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்ல, என் மாமனார் ஒன்றும் பேசாமல் ஏணியைப் போட்டு மேலே ஏறிக் கூரையின் ஓடுகளைப் பிரித்துவிட்டார். தறிக்கு மேல் மட்டும் வீட்டுக்கு ஒரு குடுமி முளைத்தது. அதைக் கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெட்டிக்கு மூன்று பேர் குடை பிடித்தார்கள். புது மருமகள் நனைந்துகொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் இந்த வீட்டில் எதற்கு முதலிடம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பெட்டியில் விழுந்த முதல் மயிலைப் பார்த்தபோது, நனைந்ததற்கு நியாயம் இருக்கிறது என்று தோன்றியது.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவருக்கு மெமரியைப் பற்றி நான் என்ன சொல்லிக்கொடுக்க? நம் தறிக்குக் கூரையையே பிரித்தோம், இதற்கு ஒரு மூடியைத் திறக்கமாட்டோமா என்றார்.

வந்தவாசிப் பயணம்

ரவியோடு வேலை செய்யும் ஒருவர் வந்தவாசிக்காரர், பூஜை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். அவரிடம் மெமரியைக் கொடுத்தனுப்பியிருந்தான். ஆயுத பூஜை அன்று காலையிலேயே சேகர் பஸ் ஏறினார். பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று எல்லாம் வாங்கவேண்டியிருக்கிறது, நாளைக்குப் போகக்கூடாதா என்று கேட்டேன். இந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது மெமரி சட்டைப் பையில் இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். வழியெல்லாம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, நெஞ்சு வலியோ என்று ஒரு பெரியம்மா எழுந்து இடம் கொடுத்தாராம். உட்கார்ந்தால் பை மடங்கிவிடும் என்று இவர் உட்காரவில்லை. வியர்வை பட்டிருக்குமோ, நசுங்கியிருக்குமோ என்று நான் பதறியதை இருவருமே காதில் வாங்கவில்லை.

அப்போதே போட்டுவிடவேண்டும் என்று இந்து நின்றாள். சேகர் மறுத்துவிட்டார். புதுச் சாமான் எதுவும் சாமிக்கு வைக்காமல் தறியேறியதில்லை. அதுவும் ஆயுத பூஜை அன்று, படைத்த சாமானை மறுநாள் விஜயதசமிக்குத்தான் தொடலாம். எல்லம்மாக்கா தறியைத் துடைத்துக்கொண்டே அவர் பக்கம் பேசினார். “ஒரு நாள் பொறு கண்ணு. சாமிகிட்ட வெச்சி எடுத்தா பொட்டிக்கும் புத்தி வரும், உங்கப்பனுக்கும் வரும்.”

இந்து ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். காலையில் அவள்தான் போடுவாள். யாரும் கை வைக்கக்கூடாது.

சுண்டலைக் கிளறிக்கொண்டே நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? இந்த மெமரி அந்தப் பெட்டிக்குப் பொருந்தாமல் போகட்டும் என்று. இத்தனை நாள் பழியைப் போட ஒரு திணறுகிற பெட்டி இருந்தது. பெட்டி சரியாகி, அப்புறமும் கார் ஆற்றில் விழுந்தால்? அப்போது மிஞ்சுவது என் மகளின் கைதானே. அதற்கு ரவி எந்த ஊரிலிருந்து துண்டு அனுப்புவான்? பரிசோதனை செய்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், அடுப்படிச் சாமி படத்துக்கு முன்னால் பரிசோதனையே வேண்டாம் என்று நின்றேன்.

சந்தன வாசனை

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டியாயிற்று. எல்லம்மாக்காவும் குளித்து, பூ வைத்துக்கொண்டு, தறியைத் தொட்டுக் கும்பிட வந்துவிட்டார். இந்து செருப்பைப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். மெமரியை எடுத்த வேகத்தில், திருப்பிக்கூடப் பார்க்காமல் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். இறுக்கமாக இருந்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்றார் சேகர். இன்னும் கொஞ்சம் அழுத்த, உட்கார்ந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டாள். டிவி கறுப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டாள். கறுப்புதான். மெமரியைப் பிடுங்கிவிட்டுப் பழைய துண்டையே திரும்பப் போட்டுப் பார்த்தாள். இப்போது அதற்கும் உயிரில்லை. நேற்றுவரை திணறித் திணறியாவது ஓடிக்கொண்டிருந்த பெட்டி, விஜயதசமி அன்று, நல்ல நேரத்தில், செத்துப்போய்விட்டது.

இந்து அழவில்லை. இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “உடு. நான் தொட்டா எதுவும் வெளங்காது” என்றாள்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வேலூரில் ஒருமுறை அப்படி அடைத்தது. பொருந்தாமல் போகட்டும் என்று வேண்டியதைச் சாமி இவ்வளவு விசுவாசமாக நிறைவேற்றிவிட்டதே என்று திகைத்து நின்றபோதுதான், அந்த வாசனை வந்தது.

பூஜை அறைப் பக்கமிருந்து வரவில்லை. கற்பூரமும் இல்லை. குனிந்து பார்த்தேன். பெட்டியின் வாய்க்குள்ளிருந்து கமகமவென்று சந்தனம்.

“ஏங்க, இதுக்கு எங்க பொட்டு வெச்சீங்க?”

சேகர் பெருமையோடு சொன்னார். “கடிக்கிற எடத்துல.”

மெமரியைத் திருப்பிக் காட்டினாள் இந்து. தங்கப் பற்களுக்கு நடுவே சந்தனம் காய்ந்து, சுவரில் சுண்ணாம்பு பூசினதுபோல இறுகியிருந்தது. குங்குமம் ஓரத்தில் ஈறுபோலச் சிவந்திருந்தது. வெற்றிலை போட்ட கிழவரின் வாய்தான். எல்லம்மாக்கா முதலில் சிரித்தார். “ஏம்பா, வாய நெறைய சந்தனத்த அடைச்சிட்டா அது எப்பிடிப் பேசும்?” பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. மாதக்கணக்கில் எங்கேயோ அடைத்து வைத்திருந்த சிரிப்பு. தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சேகர் மட்டும் சிரிக்கவில்லை. மூக்கில் பொட்டு வைத்த எந்த நாடாவும் இதுவரை ஓடாமல் நின்றதில்லையே என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டு இழை

எதனால் துடைப்பது என்று பேச்சு எழுந்தது. நான் பள்ளி ஆய்வகத்திலிருந்து ஸ்பிரிட் கொண்டுவருகிறேன் என்றேன். பள்ளி பூட்டியிருந்தது. சேகர் ஈரத்துணி என்றார். தண்ணீர் ஆகாது என்று கத்தினேன். முதல் வேலையாகப் பெட்டியின் அடாப்டரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டேன். அது என் மடியில் இருக்கிறவரை யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இந்து எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எழுந்து போய்த் தறியடியில் கிடந்த கழிவுப் பட்டில் கொஞ்சம் உருவிக்கொண்டு வந்தாள். இழைகளை இரட்டையாக முறுக்கி, மெமரியின் இரண்டு பற்களுக்கு நடுவே கொடுத்து மெல்ல இழுத்தாள். மஞ்சள் தூளாகச் சந்தனம் உதிர்ந்தது. அடுத்த பல். அடுத்தது. பட்டுக்குப் பிசிறு கிடையாது, கீறவும் கீறாது.

பள்ளத்துக்குள் போக, குச்சி ஒன்று வேண்டும் என்றாள். எல்லம்மாக்கா விளக்குமாற்றிலிருந்து ஒன்றை உருவினார். படைத்த சாமானுக்குள் விளக்குமாற்றுக் குச்சியா என்று சேகர் பதறிப்போய்க் கொல்லைக்கு ஓடி, தென்னங்கீற்றிலிருந்து புதிதாக ஒன்று கிழித்துக்கொண்டு வந்தார். அதன் நுனியில் பட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பள்ளத்துக்குள் விட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு துழாவினாள்.

வலது கை பெட்டியை அசையாமல் பிடித்திருந்தது. இழை கொடுத்தது, முறுக்கியது, முடிச்சுப் போட்டது எல்லாம் இடது கை.

நான் வாயைத் திறந்தேன். சேகர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம், சொல்லாதே என்று. அறுந்த இழையை முடிகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அது தறிவீட்டு வழக்கம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஊதினாள். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். மறுபடி ஊதினாள். மெமரியை வைத்து அழுத்தினாள். இந்தமுறை ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். என் மடிக்கு முன்னால் கையை நீட்டினாள். அடாப்டரைக் கொடுத்தேன்.

திரை வெளிச்சமானது.

எல்லம்மாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாலம்

பந்தயம் தொடங்கியது. நான் திரையைப் பார்க்கவில்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அன்றைய ராசிபலன் எல்லாம் இருந்தது, ஒன்றும் மனதில் ஏறவில்லை. கார்களின் உறுமல் கேட்டது. ஒன்று, பல, எல்லாம் நெருங்கிக்கொண்டு வருகிற சத்தம். பாலத்துக்கு முன்னால் வருகிற மணியோசை கேட்டது. வழக்கமாக அடுத்து வருவது ‘தொபுக்’.

வரவில்லை.

உறுமல் தொடர்ந்துகொண்டே போனது. திரும்பிப் பார்த்தேன். பாலம் பின்னால் போய்விட்டிருந்தது. படம் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை மங்கலாக இருந்த தூரத்து மலைகூடத் தெளிவாகத் தெரிந்தது. இந்து ஓட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது சுற்றில் மறுபடி பாலம். கட்டைவிரல் சாய்ந்தது, கார் அந்தக் கணமே சாய்ந்தது. மூன்றாவது சுற்றில் எல்லாரையும் முந்தினாள்.

பந்தயம் முடிந்ததும் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். இடது கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, புதிதாக வாங்கியதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“கை இல்லம்மா. பொட்டிதான்.”

அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு ஆடச் சொன்னாள். சேகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படம் இப்போது கொஞ்சமும் திணறவில்லை. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. சேகர் பாலத்துக்கு வந்தார். நேராகப் போய் ஆற்றில் விழுந்தார்.

“ப்பா, இன்னும் இன்னாத்துக்கு வேணும்னே விழற? எனக்குத்தான் சரியாயிடுச்சே.”

“இல்ல பாப்பா.” அவர் ஜாய்ஸ்டிக்கையே பார்த்துக்கொண்டு சொன்னார். “மொதல்லேந்தே நெசமாத்தான் விழுந்துகினு இருந்தேன்.”

எல்லம்மாக்கா தலையில் அடித்துக்கொண்டார். மகளுக்காக விழுந்தவர் என்று நான் வைத்திருந்த அந்தத் தனிப் பிரியத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இந்து மணையிலிருந்து உருண்டு தரையில் கிடந்து சிரித்தாள். அவர் இன்னொரு ஆட்டம் கேட்டார். அதிலும் தோற்றார். தன் ஜாய்ஸ்டிக்கிலும் சந்தனம் அடைத்திருக்கிறது என்று வாதாடினார். அதற்கு யாரும் பொட்டே வைக்கவில்லை, அதனால்தான் இந்தக் கதி என்றார் எல்லம்மாக்கா.

“நீ வாம்மா” என்றாள் இந்து.

வேண்டாம் என்றேன். விடவில்லை. மணையில் உட்கார வைத்தாள். அவளுடைய ரப்பர் செருப்பைக் கழற்றி என் காலில் மாட்டிவிட்டாள். ஜாய்ஸ்டிக்கைக் கையில் திணித்தாள். அது லேசாகச் சூடாக இருந்தது, அவள் கைச்சூடு. கார் புறப்பட்டது. போதையில் இருக்கிற ஆள் ஓட்டுவதுபோலச் சாலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தது. பெட்டியில் இன்னும் ஏதோ கோளாறு, படம் ஆடுகிறது என்றேன்.

“படம் ஆடல. யம்மா, உன் கைதாம்மா நடுங்குது.”

பார்த்தேன். ஆமாம். எத்தனை நாளாக நடுங்கிக்கொண்டிருந்ததோ, எனக்கே தெரியாது. எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் கையை யாரும் பார்க்கவில்லை.

இந்து எனக்குப் பின்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, என் தோளுக்கு மேலாக எட்டி, இடது கையை என் இடது கைமேல் வைத்து அழுத்தினாள். என் கட்டைவிரலின்மேல் அவள் கட்டைவிரல். கார் நேரானது. மற்றக் கார்கள் நெருங்கி வருகிற சத்தம் கேட்டது.

“ஸ்கூலு எப்பம்மா தொறக்கறாங்க?” என்று என் காதுக்குப் பக்கத்தில் சாதாரணமாகக் கேட்டாள், காரை ஓட்டிக்கொண்டே.

நாளைக்கு என்றேன்.

“சரி.”

அந்த ஆட்டத்தில் நாங்கள் பாலத்தைத் தாண்டினோமா, ஆற்றில் விழுந்தோமா என்று தங்கை போன் செய்து கேட்பாள். எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்க்கவில்லை. என் கைமேல் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.